விதைக்கும் முன் அடுப்புகளை எண்ணுங்கள்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிப்புக்கான அறிவிப்பு வருவதற்கு முன்பே சிப்பி வளரும் கடலடிப் பார்களை ஆராய்ந்துவிடுவார்கள். எந்தப் பாரில் எவ்வளவு சிப்பி, அது முற்றிய சிப்பியா இளஞ்சிப்பியா என்று பார்ப்பார்கள். மாதிரிக்கு எடுத்த சிப்பிகளைத் திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிட்ட பிறகுதான் படகுகளுக்கும் முத்துக்குளிப்போருக்கும் வியாபாரிகளுக்கும் அழைப்பு போகும். மதிப்பு தேறாத ஆண்டில் குளிப்பே கிடையாது. 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு தூத்துக்குடிக் கரையில் அந்தத் தொழில் நின்றுபோனது. ஆனால் முதலில் அளந்து, பிறகே ஆளைத் திரட்டும் அந்த ஒழுங்கு இன்றைக்கும் பயன்படும். நகரத்தில் கூட்டுத் தோட்டம் போடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காலி இடம் கிடைக்கிறது, விதை கிடைக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் கூடி விதைத்துவிடுகிறார்கள். இருபத்தைந்து நாள் கழித்துக் கீரை முழுவதும் ஒரே நாளில் அறுவடைக்கு வரும்போது, யார் வீட்டுக்கு எத்தனை கட்டு என்று யாருக்கும் தெரிவதில்லை. பாதி வாடுகிறது, மீதியை வந்தவர் போனவர் எடுத்துச் செல்கிறார்கள். உண்மையில் தேவைப்பட்ட வீட்டுக்கு ஒரு கட்டும் போய்ச் சேர்வதில்லை. பசியைக் குறைக்கும் நோக்கத்தில் போடும் தோட்டம் அடுப்பிலிருந்து தொடங்கி நிலத்துக்கு வர வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் சொல்லவரும் செய்தி. கடைகண்ணிக்குப் போகும் பழக்கத்தைக் கைபேசி மாற்றிவிட்ட இந்தக் காலத்தில், அப்படித் தொடங்குவது முன்னெப்போதையும்விட எளிது.

முதலில் பசி என்று எதைச் சொல்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். வயிறு நிறையாத பசிக்குத் தமிழ்நாடு நீண்ட காலமாகவே பதில் தேடி வந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு என்ற திட்டத்தைக் காமராஜர் 1956-இல் தொடங்கிவைத்தது இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் எட்டயபுரத்தில்தான். 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு ரேஷன் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. ஆனால் ரேஷன் கடையில் கீரை இல்லை, காய் இல்லை, பழம் இல்லை. வருமானம் குறையும் வாரத்தில் ஒரு வீட்டில் முதலில் நின்றுபோவதும் இவைதான். சோறு இருக்கும், அதற்குத் தொட்டுக்கொள்ளும் காய் காணாமல் போகும். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார். அரிசி நிறைந்த வீட்டிலும் இருக்கும் இந்தக் குறையைத்தான் தெருத்தோட்டம் தொட முடியும். நெல்லை விளைவிக்க நகரத்தில் இடமில்லை, தேவையும் இல்லை.

இங்கே ஒரு நேர்மை வேண்டும். கீரை தின்றால் இரத்தசோகை போய்விடும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். முருங்கைக்கீரை 100 கிராமில் ஏறத்தாழ 4.6 மில்லிகிராம் இரும்புச்சத்துதான் இருக்கிறது. வளர்ந்த பெண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. கீரையில் உள்ள இரும்பு முழுவதும் உடலில் சேர்வதும் இல்லை. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துச் சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும், சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும். ஆகவே சுகாதார நிலையம் தரும் மாத்திரையும், இந்தக் கரையில் எளிதாகக் கிடைக்கும் சாளையும் நெத்திலியும் அவற்றின் இடத்தில் இருக்கட்டும். உயிர்ச்சத்து ஏ, ஃபோலிக் அமிலம், நார்ச்சத்து ஆகியவற்றுக்குக் கீரையைப் போல மலிவான வழி வேறில்லை. தோட்டம் தருவேன் என்று சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இதுவே பெரிது.

எந்த மாதத்தில் எந்த வீட்டுக்குத் தேவை என்பது அடுத்த கேள்வி. பல நகரங்களில் இதற்குப் பொதுவான விடைதான் உண்டு. தூத்துக்குடியில் நாள் குறித்த விடையே இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மீன்கள் பெருக அந்தத் தடை தேவைதான். ஆனால் அந்த நாட்களில் படகில் போகிறவர்களுக்கு மட்டுமல்ல, ஐஸ் உடைப்பவர், சுமை தூக்குபவர், மீன் வாங்கித் தெருத்தெருவாய் விற்கும் பெண்கள் என எல்லாருக்கும் வரும்படி சுருங்குகிறது. மாநில அரசின் தடைக்கால நிவாரணம் 2023-இல் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்ந்தது. இரண்டு மாதத்துக்கு அது எத்தனை நாள் வரும் என்பதைக் குடும்பம் நடத்துகிறவர்கள் அறிவார்கள். உப்பளத் தொழிலாளர்களுக்கு இதற்கு எதிரான காலம். குஜராத்துக்கு அடுத்து நாட்டின் பெரிய உப்பு விளைச்சல் இந்த மாவட்டத்தில்தான். வடகிழக்குப் பருவமழை விழும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்திகளில் வேலை நின்றுவிடும். அரசு அவர்களுக்கும் மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. ஒரே நகரத்தில் சித்திரையிலும் வைகாசியிலும் ஒரு சாராருக்குக் கையில் காசில்லை, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இன்னொரு சாராருக்கு இல்லை. மீனவர் பகுதியான திரேஸ்புரத்தில் போடும் தோட்டத்துக்கும் உப்பளப் பகுதியான முள்ளக்காட்டில் போடும் தோட்டத்துக்கும் பயிர் அட்டவணை ஒன்றாக இருக்க முடியாது.

உப்பளத் தெருக்களுக்கு வேலை எளிது, ஏனென்றால் அவர்களுடைய கடினமான மாதங்கள்தான் மழை மாதங்கள். புரட்டாசி முதல் வாரத்தில் சிறுகீரையும் தண்டுக்கீரையும் விதைத்தால் ஐப்பசி பிறக்கும்போது முதல் அறுப்பு வரும். தரையோடு தரையாகப் பாத்தி கட்டினால் ஒரே மழையில் விதை மிதந்துவிடும். ஆகவே ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுங்கள். நாற்றழுகலுக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மைப் பூஞ்சையை மட்கிய எருவில் கலந்து இடுங்கள். தடைக்காலத்துக்கான தோட்டம்தான் உண்மையான சோதனை. வெண்டையும் கொத்தவரையும் வெயிலைத் தாங்கும், விதைத்து ஒன்றரை மாதத்தில் காய்க்கும். மாசி கடைசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ விதைத்தால் தடை தொடங்கிய சில நாளில் பறிக்கலாம். சித்திரை வெயிலில் கீரை வேண்டுமென்றால் பாத்திக்கு மேல் பாதி வெளிச்சத்தை மறைக்கும் நிழல்வலை கட்டியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக முருங்கை. சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்தில் அது தானாகச் செழிப்பதை எல்லாரும் அறிவார்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 விதை போட்ட ஆறு மாதத்தில் காய்க்கும், இலை அதற்கு வெகு முன்பே கிடைக்கும். ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்றுக்குத் தடுப்பாக மேற்கு ஓரத்தில் அகத்தியை வரிசையாக நடுங்கள். அதுவும் கீரைதான்.

இனி நிலக்கணக்கு. உலக உணவு வேளாண் நிறுவனம் ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு 20 கிலோ வரை விளைவிக்கலாம் என்கிறது. அது கைதேர்ந்தவர்கள் நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டு எட்டும் உச்சம். நம் கரைக்கு அதை அடிப்படையாக வைத்துத் திட்டமிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சிறுகீரை ஓர் அறுப்புக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தரும். ஆண்டுக்கு எட்டு அறுப்பு என்று வைத்தால் எட்டு கிலோ. பத்து சென்ட் இடம் என்பது ஏறத்தாழ 400 சதுர மீட்டர். நடைபாதை, எருக்குழி, தொட்டி போகப் பாதிதான் பாத்தி. 200 சதுர மீட்டரில் ஆண்டுக்கு 1,600 கிலோ, அதாவது வாரத்துக்கு 30 கிலோ சொச்சம். கால் கிலோ கட்டாகக் கட்டினால் ஏறத்தாழ 120 கட்டு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வாரம் ஐந்து கட்டு என்றால், இருபது வீட்டுக்கு நூறு கட்டு போக, இருபது கட்டு மீதி. அந்த மீதிதான் காசு கொடுக்க முடியாத வீட்டுக்கும் பூச்சி தின்றதற்கும். இதுவே உங்கள் அளவு: பத்து சென்ட், இருபது அடுப்பு. மொட்டைமாடியில் பைகளில் வளர்த்தாலும் இதே விகிதத்தில் கணக்குப் போடலாம்.

இருபது வீட்டுக்குத்தானா, நகரத்துக்கு என்ன ஆகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2011 கணக்கெடுப்பில் தூத்துக்குடி மாநகராட்சியின் மக்கள்தொகை 2,37,830. அத்தனை பேருக்கும் இந்தக் கணக்கில் கீரை வேண்டுமென்றால் ஏறத்தாழ 3,000 தோட்டங்கள், 300 ஏக்கர் நிலம் வேண்டும். அது நடக்காது, நடக்க வேண்டியதும் இல்லை. பெரும்பாலான வீடுகள் காமராஜ் மார்க்கெட்டிலோ உழவர் சந்தையிலோ வாங்கிக்கொள்ளும். தோட்டம் தேவைப்படுவது வருமானம் விட்டுவிட்டு வரும் தெருக்களுக்கு. நகரத்துக்கே சோறு போடுவோம் என்று பேசித் தொடங்கிய முயற்சிகள் அந்தப் பேச்சின் பாரத்திலேயே சரிந்துவிடுகின்றன. ஒரு தெருவின் இரண்டு கடினமான மாதங்களைக் கடத்திக் கொடுத்தால் அதுவே வெற்றி.

தண்ணீர்தான் இந்த ஊரில் முதல் எதிரி. பாத்தியில் சதுர மீட்டருக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் வேண்டும், ஆகவே உங்கள் பத்து சென்டுக்கு ஆயிரம் லிட்டர். ஆண்டு மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பகுதி மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடும். நூறு சதுர மீட்டர் மாடியில் விழும் மழையைப் பிடித்தால் ஐம்பதாயிரம் லிட்டருக்கு மேல் கிடைக்கும், ஆனால் அதைத் தேக்கும் அளவுக்குத் தொட்டி யாரிடமும் இருப்பதில்லை. பத்தாயிரம் லிட்டர்த் தொட்டி இருந்தால் பத்து நாள் ஓடும். மீதி வீடுகளிலிருந்துதான் வர வேண்டும். அரிசியும் காயும் கழுவிய நீர், குளித்த நீர் என வீட்டுக்கு 50 லிட்டர் சேர்ந்தால் இருபது வீட்டில் ஆயிரம் லிட்டர் ஆகிறது. இதில் அரிசி கழுவிய நீரை நேரே கீரைக்கு ஊற்றலாம். சோப்பு கலந்த நீரை மணலும் கல்வாழையும் வைத்த பாத்தி வழியே விட்டு, முருங்கைக்கும் அகத்திக்கும் வாழைக்கும் மட்டும் பாய்ச்சுங்கள், இலைக்கீரைக்கு வேண்டாம். கருவாடு ஊறவைத்த நீரை எதற்கும் ஊற்றாதீர்கள். குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வெளியே தள்ளும் நீரும் உப்புதான். ஆழ்குழாய்த் தண்ணீர் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நீரில் கரைந்த உப்பை அளக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை முதலில் முக்கிப் பாருங்கள். லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் என்றால் கவலையில்லை. அதற்கு மேல் 2,000 வரை, உப்பைத் தாங்கும் பயிராகப் பார்த்து வைக்க வேண்டும்: பீட்ரூட், பாலக், பருப்புக்கீரை. பீன்ஸும் கேரட்டும் வெங்காயமும் அந்தத் தண்ணீரில் தேறாது. 2,000-த்தைத் தாண்டினால் அந்தக் கிணற்றை மறந்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் விட்டுக் கெட்டுப்போன மண்ணை மீட்க ஒரு நல்ல மழைக்காலம் முழுவதும் ஆகும்.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், வேறோர் அத்தியாயத்தில் விரிவாக வருகிறது. சாம்பல் படியும் இடம், பெரிய சாலையின் ஓரம், பழைய தொழிற்கூடம் நின்ற மனை ஆகியவற்றில் தரையில் விதைக்க வேண்டாம். வழக்கமான மண் பரிசோதனை உப்பையும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்தையும் சொல்லும், ஈயம் போன்ற உலோகங்களைச் சொல்லாது. ஐயம் இருந்தால் வெளிமண்ணும் தென்னை நார்க்கழிவும் எருவும் கலந்து மேட்டுப்பாத்தி கட்டிவிடுவதே வழி. எருவுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. மீன்கழிவும் அதே எடை வெல்லமும் சேர்த்து மூடிவைத்து, மூன்று வாரம் கழித்து வடித்தெடுக்கும் மீன் அமிலத்தை நீரில் கலந்து தெளிக்கலாம். கழிவில் உப்புப் போட்டிருக்கக் கூடாது என்பது ஒன்றே எச்சரிக்கை.

இனிக் கைபேசி. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. பணப்பரிமாற்றம் 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடிப் பரிமாற்றத்தைக் கடந்தது. இன்று மீன் விற்பவரின் கூடையோரத்திலும் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. ரேஷன் அட்டை 2017-இல் ஸ்மார்ட் கார்டாக மாறியது, பின்பு விரல்ரேகைக் கருவி வந்தது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீடு தேடிப் போகிறது. இவற்றையெல்லாம் பார்த்தால், காசு கொடுப்பது எளிதானதுதான் மாற்றம் என்று தோன்றும். தோட்டக்காரர் கவனிக்க வேண்டிய மாற்றம் வேறு: வாங்கப்போவது என்ன என்பதை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடும் பழக்கம் மக்களுக்கு வந்துவிட்டது. சந்தையில் போய்ப் பார்த்து, தொட்டு, பேரம் பேசி முடிவெடுத்த காலத்தில் விற்பவருக்கு மறுநாள் தேவை தெரியாது. அதனால்தான் வாடிப்போகும் சரக்கின் விலையையும் சேர்த்து விற்றார். இப்போது மளிகைக்கடைக்காரருக்கே வாட்ஸ்ஆப்பில் பட்டியல் போய்விடுகிறது. அழுகும் பொருளை விற்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. கூட்டுத் தோட்டம் விற்பது முழுக்க முழுக்க அழுகும் பொருள்தான்.

அதற்கு ஏற்றபடி வாரத்தை அமையுங்கள். ஆவணியில், நிலம் தேடுவதற்கு முன்பே, தெருவில் வீடு வீடாகப் போய் ஒரு பட்டியல் எடுங்கள். எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், வாரத்தில் எத்தனை நாள் கீரை, எந்தக் கீரை, எந்த மாதம் கையில் காசு இருக்காது ஆகிய நான்கு கேள்விகள் போதும். இருபது வீடு சேரவில்லை என்றால் அந்த ஆண்டு விதைக்க வேண்டாம். விதைத்த பிறகு, புதன்கிழமை மாலை குழுவில் ஒரு செய்தி போடுங்கள்: இந்த வாரம் இன்ன கீரை, இத்தனை கட்டு, கட்டு இன்ன விலை. வெள்ளி இரவுக்குள் வந்த பதில்களை எண்ணி, அந்த அளவுக்கு மட்டும் சனி விடியலில் அறுங்கள். மீதி செடியிலேயே இருந்தால் மூன்று நாள் தாங்கும், அறுத்துவிட்டால் மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. விலையை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். உழவர் சந்தை விலை தினமும் வெளியாகிறது, தமிழக அரசின் உழவன் செயலியில் சந்தை நிலவரம் பார்க்கலாம். முந்தைய நாள் விலையே உங்கள் விலை என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால் சண்டையே வராது. பணம் தனியாள் கணக்குக்குப் போகக் கூடாது. மகளிர் சுயஉதவிக் குழுவின் வங்கிக் கணக்கோடு இணைந்த கியூ.ஆர். அட்டையைத் தோட்ட வாசலில் ஒட்டுங்கள்.

கைபேசி இல்லாத வீடுகளை என்ன செய்வது என்பது இந்த முறைக்கு எதிராக எழும் வலுவான கேள்வி. அப்படிப்பட்ட வீடுகளில்தான் தோட்டம் மிகுதியாகத் தேவைப்படும். தனியே இருக்கும் முதியவர், கணவனை இழந்த பெண், உள்ளூர் மொழி படிக்கத் தெரியாத வெளிமாநிலத் தொழிலாளி ஆகியோரைக் குழுச் செய்தி எட்டாது. ஆகவே குழுவோடு கூட ஒரு நோட்டும் வேண்டும். ஒவ்வொரு ஐந்து வீட்டுக்கும் ஒருவர் பொறுப்பேற்று, வியாழக்கிழமை நேரில் கேட்டு அந்த நோட்டில் எழுதட்டும். ரொக்கம் கொடுப்பவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். இலவசமாகப் பெறும் வீடுகளின் பெயரைக் குழுவில் போடுவது, கட்டைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பது ஆகிய இரண்டையும் முதல் நாளே தடை செய்துவிடுங்கள். எல்லாக் கட்டும் ஒரே மாதிரி வாழைநாரில் கட்டி, ஒரே கூடையில், ஒரே வேளையில் போகட்டும். எது காசு கொடுத்தது, எது கொடுக்காதது என்று தெருவுக்குத் தெரிய வேண்டியதில்லை. மானத்தோடு வாங்க முடியாத உணவை மக்கள் வாங்க மாட்டார்கள். அப்புறம் யாருக்கும் தேவையில்லை போலிருக்கிறது என்று நாம் தவறாகக் கணக்கு எழுதிவிடுவோம்.

வாங்குபவரை முன்னால் வைப்பது புதிய யோசனையல்ல. சோவியத் ஒன்றியம் 1991-இல் சிதறி உணவு இறக்குமதி வெகுவாகக் குறைந்தபோது, கியூபாவின் ஹவானாவில் காலி மனைகளில் மேட்டுப்பாத்தித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றின் வலிமை, விளைந்த இடத்தின் வாசலிலேயே விற்பனை மேசை இருந்ததுதான். அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரம் 2001-இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் 2002-இல் நகர வேளாண் திட்டத்தைத் தொடங்கியபோது, நிலத்தோடும் விதையோடும் நிற்காமல் தோட்டக்காரர்களுக்கென்று வாரச்சந்தைகளையும் அமைத்துக் கொடுத்தது. இருபது ஆண்டு நெருங்கும்போது அத்திட்டம் உலக அளவில் நகரங்களுக்கான பரிசு பெற்றது. எதிர்ப்பக்கத்துக்கு நம் அக்கரையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2022-இன் நெருக்கடியில் இலங்கை அரசு தன் ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுப்பு கொடுத்து, வீட்டில் பயிர் வளர்க்கச் சொன்னது. விடுப்பு நேரத்தைத் தரும். விதையும் தண்ணீரும் விளைந்ததைப் பங்கிடும் வழியும் அதோடு வருவதில்லை.

செயலிகளும் பெரிய கடைகளும் தள்ளுபடி விலையில் வீட்டு வாசலுக்கே காய் கொண்டுவரும்போது தெருத்தோட்டம் எப்படி நிற்கும் என்று கேட்கிறவர்களுக்கு இந்தத் துறைமுகத்தின் வரலாறே ஓர் எச்சரிக்கை. 1906-இல் வ.உ. சிதம்பரம் பங்குகள் திரட்டிச் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியபோது, எதிரே நின்ற பிரிட்டிஷ் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை வெட்டியது, இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. 1908-இல் அவர் சிறை சென்றதும், பணபலத்தின் முன் சங்கம் தாக்குப்பிடிக்க முடியாமல் போனதும் சேர்ந்தே அதை முடித்தன. விலையில் பெரிய முதலோடு போட்டிபோட்டு வெல்ல முடியாது, போட்டியிடவும் வேண்டாம் என்பதே இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. செயலி வெங்காயமும் உருளைக்கிழங்கும் கொண்டுவரட்டும். அறுத்த ஒரு மணி நேரத்தில் அடுப்பேற வேண்டிய கீரையில் மட்டும் தெருவுக்கு அனுகூலம் உண்டு, ஏனென்றால் தொலைவிலிருந்து வரும் கீரை எத்தனை மலிவானாலும் வாடித்தான் வரும். தடைக்காலத்தில் கடன் சொல்லி வாங்கவும் செயலியில் வழியில்லை. தோட்டத்தின் நோட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

இதைவிட என்னை உறுத்தும் கேள்வி, கீரைக்கூடை சுமந்து தெருவில் விற்கும் பெண்களைப் பற்றியது. நல்லெண்ணத்தோடு போட்ட தோட்டம் ஓர் ஏழையின் பிழைப்பைக் கெடுத்து இன்னோர் ஏழைக்கு உணவு தரலாகாது. உழவர் சந்தை விலையே உங்கள் விலை என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம். உங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் கீரைக்காரரிடம் முதலில் பேசுங்கள். அவர் எதைக் கொண்டுவருகிறாரோ அதை விட்டு வேறு பயிர் வையுங்கள். முடிந்தால் சனிக்கிழமைக் கூடையை வீடுகளுக்குச் சேர்க்கும் வேலையை அவருக்கே கட்டுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுங்கள். அவரைவிடத் தெருவை அறிந்தவர் உங்கள் குழுவில் இருக்க மாட்டார்.

வேலையும் கூலியும் பற்றி மழுப்பாமல் பேச வேண்டும். வாரம் நூறு கட்டு, கட்டு பத்து ரூபாய் என்றால் ஆண்டுக்கு 52,000 ரூபாய், மாதம் 4,300 ரூபாய் சொச்சம். ஒருவருக்கு அரைநாள் கூலி கொடுக்கவே அது சரியாக இருக்கும். எல்லாரும் தொண்டாகச் செய்வோம் என்று தொடங்கினால் மூன்றாம் மாதம் இரண்டு பெண்களின் தலையில் மொத்த வேலையும் விழும். ஆகவே வரும் பணத்தின் முதல் செலவு ஒருவரின் கூலியாக இருக்கட்டும், தண்ணீர் ஊற்றுவதும் களை எடுப்பதும் முறைவைத்து நடக்கட்டும். வருமானம் நிலைக்க வேண்டுமானால் ஒரு நிறுவன அடுப்பும் பட்டியலில் வேண்டும். காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள், வாரத்தில் பல நாள் காய்கறி சாம்பார் வைக்கிறார்கள். தோட்டத்தின் வெண்டையையும் முருங்கைக்காயையும் அந்தச் சமையலறைக்கு வாங்க முடியுமா என்று மாநகராட்சியிடம் எழுதிக் கேளுங்கள். பட்டியலில் இது இருபத்தோராவது அடுப்பு.

ஐந்து வீட்டுக்கு ஒருவர் எழுதும் அந்த நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இம்மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. சாலையும் இரயில் பாதையும் துண்டாகிப் பல இடங்களில் பால்கூட வராமல் நின்றது. மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்றுப்போன தெருக்களில் யு.பி.ஐ. எதற்கும் உதவவில்லை. அப்படிப்பட்ட வெள்ளத்தில் தோட்டமும் மூழ்கிவிடும், அது காப்பாற்றும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எந்த வீட்டில் எத்தனை பேர், யார் படுக்கையில் இருக்கிறார், யாருக்குக் கைக்குழந்தை என்று எழுதிய நோட்டு ஒன்று தெருவில் இருந்தால், படகில் வரும் உணவுப் பொட்டலம் எங்கே முதலில் போக வேண்டும் என்று சொல்ல ஆள் இருக்கும். அந்த நோட்டின் ஒரு படியை உயரமான இடத்தில், பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

உதவிக்கு அணுக வேண்டிய இடங்கள் இவை. தோட்டக்கலைத் துறை வளர்ப்புப் பைகள், நார்க்கழிவுக் கட்டி, விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகியவை அடங்கிய மாடித்தோட்டத் தொகுப்பை மானிய விலையில் தருகிறது. பயிர் ஆலோசனைக்குக் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியும் வாகைக்குளம் வேளாண் அறிவியல் நிலையமும் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. பொது இடம் என்றால் மாநகராட்சியிடமும், பள்ளி, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் இடம் என்றால் அவற்றின் நிர்வாகத்திடமும் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி மண்ணைத் தொடாதீர்கள். குறைந்தது மூன்று ஆண்டுக்கு எழுத்தில் அனுமதி, தண்ணீர் இணைப்பு யார் பெயரில், முருங்கை மரம் யாருக்குச் சொந்தம் ஆகிய மூன்றும் தாளில் வந்து, அதன் நகல் குழுவின் கையில் இருக்கும்போதுதான் முதல் பாத்தியை வெட்ட வேண்டும்.